ஒதுங்கிப் பழகிய கால்கள்

தலைமை தாங்கும் பெருமதிப்புக்குரிய சுந்தரலிங்கம் ஐயா அவர்களே! கஹவத்தைக் கடைவீதியில் காலையில் கதவு திறந்து, மாலையில் மனம் திறந்து, இந்த விழாவுக்கு ஒலிபெருக்கியும் ஒளிவிளக்கும் உவந்தளித்தவரே! அம்மன் கோவில் பரிபாலன சபையின் மூத்தவர் ஐயாவு மாமா அவர்களே! மேடைக்குக் கீழே மின்கம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் இளைஞர் மன்றச் செயலாளர் துஷாந்தன் அவர்களே! பௌர்ணமிப் போயா விடுமுறையிலும் படுத்து ஓய்வெடுக்காமல், துவைத்த துணியைக் கொடியில் விட்டுவிட்டு, ஒரு கண்ணை வானத்திலும் ஒரு கண்ணை மேடையிலும் வைத்திருக்கும் என் தாய்மாரே! மலையில் கால் வைத்து, மழையில் தலை வைத்து எங்களை வளர்த்த தந்தையரே! நாளை கொழும்புக்கு பஸ் ஏறக் காத்திருக்கும் தம்பி தங்கைகளே! நம் தேயிலைத் தோட்டத்துக் கீழ் டிவிஷன் ஷாமிளா உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, பெருநகர வாழ்வில் வர்க்கம். துஷாந்தன் தொலைபேசியில் சொன்னார்: “அக்கா, கொஞ்ச நேரம் பேசுனா போதும். அதுக்கப்புறம் டான்ஸ் இருக்கு.” கவலைப்படாதே தம்பி. வர்க்கத்தை முடித்துவிட்டுத்தான் டான்ஸ் ஆட வேண்டும் என்றால் உலகத்தில் யாருமே ஆடியிருக்க மாட்டார்கள்.

என்னம்மா? பின்னால் இருந்து ஒரு கேள்வி. “பாப்பா, வர்க்கம்னா என்னா? வெளங்குற மாதிரி சொல்லு.”

நல்ல கேள்வி. பல்கலைக்கழகத்தில் இந்தக் கேள்விக்குத்தான் நான் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதினேன். உழைப்பவர் ஒரு வர்க்கம். உழைப்பை வாங்குபவர் ஒரு வர்க்கம். நல்ல புள்ளிகள் தந்தார்கள். அந்த விடை இன்றும் பிழையில்லை. ஆனால் அதை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனேன். அங்கே அது போதவில்லை.

வெள்ளவத்தையில் அறை தேடினேன். வீட்டுக்கார அம்மா கதவைத் திறந்தார். “பிள்ளை எவடம்?” என்றார். “ரத்னபுரி, அன்ட்டி.” “டவுனோ, தோட்டமோ?” கேட்டவர் கெட்டவர் அல்ல. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துத் தந்தவர். ஆனாலும் கேட்டார். அந்த வாசலில் வர்க்கம் என்பது ஊர்.

புடவைக் கடைக்குப் போனேன். அங்கே வர்க்கம் என்பது, விற்கிற பிள்ளை முதலில் எந்தத் தட்டுக்குக் கை நீட்டுகிறாள் என்பது. என்னைப் பார்த்தாள். கீழ்த் தட்டுக்குக் கை நீட்டினாள். யார் அந்தப் பிள்ளை? பேச்சில் தெரிந்தது. பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. என் அக்காவாக இருந்திருக்கலாம்.

அலுவலகத்துக்குப் போனேன். அங்கே வர்க்கம், கழுத்தில் தொங்கும் அட்டையின் நாடா. நீல நாடா நிரந்தரம். மஞ்சள் நாடா தற்காலிகம். நாடாவே இல்லாதவர் இருக்கிறாரே, தரை துடைப்பவர், அவரை நாம் பார்ப்பதே இல்லை.

ஊரா? உடையா? நாடாவா? நாக்கா? நகரத்தில் வர்க்கம் என்பது எது? நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். விடை எனக்குப் புத்தகத்தில் கிடைக்கவில்லை. கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து கஹவத்தைக்கு வரும் பஸ்ஸில், பக்கத்து ஆசனத்தில் கிடைத்தது. அந்த ஆசனத்தில் இருந்தவன் கஜேந்திரன். நம் மேல் டிவிஷன் சின்னத்தம்பி மாமாவின் மகன். என்னோடு படித்தவன். அவன் சொன்ன கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். ஒளித்துச் சொல்லவில்லை. “பேரையும் சேத்துச் சொல்லு” என்றான். அவன் அம்மா அப்பாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன்.

கஜேந்திரனுக்குக் கொழும்பில் ஒரு கம்பெனியில் வேலை. ஏழாம் மாடி. கணக்குப் பிரிவு. மஞ்சள் நாடா. வேலையை நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்து விழ வேண்டும். விழுந்தால் வாழ்க்கை கொழும்பில். விழாவிட்டால் மறுபடி இங்கே. இதுதான் அவன் நிலைமை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம். லிப்ட்டில் ஏறினான். கதவு மூடப் போகும் நேரம் கம்பெனியின் டிரெக்டர் உள்ளே வந்தார். கஜேந்திரன் என்ன செய்தான்? இறங்கிவிட்டான்.

சிரிக்கிறீர்கள். ஏன் சிரிக்கிறீர்கள்? உங்களுக்குத் தெரியும். கொழும்பில் இந்தக் கதையைச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். அவர்களுக்கு விளங்காது. உங்களுக்கு விளங்கும். மலை ரோட்டில், தோட்டத்தை நடத்தும் தொரையின் ஜீப் வருகிறது. நாம் என்ன செய்வோம்? ஓரத்துக்குப் போவோம். ஒரு கால் தண்ணீர் ஓடும் கானுக்குள். கூடையை முன்னால் இழுத்துக்கொள்வோம். தூசியோ சேறோ, அது நம் மேல். ஜீப் போன பிறகு ரோட்டுக்கு வருவோம். யாரும் சொல்லித் தந்ததில்லை. யாரும் சட்டம் போட்டதில்லை. நடக்கப் பழகிய அன்றே ஒதுங்கவும் பழகிவிட்டோம்.

கஜேந்திரன் பட்டதாரி. ஆனால் பட்டம் தலைக்குத்தானே? காலுக்கு யார் பட்டம் கொடுத்தார்?

மூன்றாம் மாடியில் டிரெக்டர் ஏறினால், மூன்றாம் மாடியில் இவன் இறங்குவான். மிச்சத்தைப் படியில் ஏறுவான். திரும்பத் திரும்ப இதே. ஒரு நாள் டிரெக்டர், கணக்குப் பிரிவின் தலைவர் ஸப்வானைக் கூப்பிட்டார். “அந்தப் புதுப் பையன் என்னைக் கண்டால் ஓடுகிறான். எதையோ மறைக்கிறான். அவன் பார்த்த கணக்கையெல்லாம் திரும்பப் பாருங்கள்.”

கேட்டீர்களா? இங்கே மரியாதை. அங்கே களவு. இங்கே ஒதுங்கினால் நல்ல பிள்ளை. அங்கே ஒதுங்கினால் சந்தேகப் பேர்வழி. ஒரே கால். ஒரே அடி.

ஸப்வான் மாவனெல்லைக்காரர். நல்ல மனிதர். கணக்கையெல்லாம் பார்த்தார். ஒரு பிழையும் இல்லை. இவனைத் தனியே கூப்பிட்டார்.

“தம்பி, என்ன பிரச்சின செல்லுங்க. பெரியவரக் கண்டா ஏன் ஓடுறீங்க?”

“ஓடல்ல சேர். ஒதுங்கினேன்.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

கஜேந்திரனுக்குப் பதில் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரியுமா? எனக்கும் தெரியவில்லை.

பதில் தெரிந்த ஒருவர் அதே மாடியில் இருந்தார். மூக்காயி. கரவனெல்லப் பக்கத்தில் இறப்பர்த் தோட்டம். பால் வெட்டிய கை. இப்போது கொழும்பில் தரை துடைக்கும் கை. அவர் இவனைப் பல நாள் கவனித்திருக்கிறார். ஒரு நாள் தேநீர் அறையில் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

“தம்பி, நீ எந்தத் தோட்டம்?”

கஜேந்திரன் சுற்றிலும் பார்த்தான். “நான் ரத்னபுரி டவுன்.”

மூக்காயி சிரித்தாராம். வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தாராம். “டவுன் பயலுக லிப்ட்ட விட்டு எறங்க மாட்டானுகப்பா! சரிங்க தொரை, நீங்க டவுன்தான்.”

அன்றிலிருந்து யாரும் இல்லாத நேரம் அவனை “தொரை” என்றுதான் கூப்பிடுவார். “தொரை, கால கொஞ்சம் தூக்குங்க, தொடைக்கணும்.” “தொரை, டீ ஆறுது.” கேலிதான். ஆனால் அந்தக் கேலியில் அவனுக்கு ஒரு நிம்மதி இருந்தது என்றான். ஏழாம் மாடியில் தன்னை அடையாளம் கண்ட ஒரே ஆள்.

பிறகு சாமான் ஏற்றும் லிப்ட் பழுதானது. தரை துடைப்பவர்கள் அதில்தான் போய்வருவார்கள். பெரிய லிப்ட்டில் ஏறக்கூடாது என்று கட்டளை வந்தது. அலுவலக நேரத்தில் கனவான்கள் போகும் லிப்ட் அது. வாளியோடு, தும்புத்தடியோடு, தண்ணீரோடு, முழங்கால் வலியோடு மூக்காயி ஏழு மாடியும் படியில் ஏறினார்.

ஒரு நாள் காலை. லிப்ட் கீழே நிற்கிறது. உள்ளே டிரெக்டர். ஸப்வான். கஜேந்திரன். டிரெக்டரைக் கண்டதும் கஜேந்திரனின் கால் வழக்கம்போல் நகரப் பார்க்கிறது. அப்போது வெளியே பார்க்கிறான். மூக்காயி நிற்கிறார், வாளியோடு. டிரெக்டரைக் கண்டதும் அவர் பின்னால் போகிறார். ஓரமாக. ஒரு காலைச் சுவரோடு ஒட்டி வைக்கிறார். வாளியை முன்னால் இழுத்துக்கொள்கிறார்.

கொழும்பில் ஏது கான்? பளிங்குத் தரை. ஆனால் அவர் கால் கானைத் தேடியது.

கஜேந்திரன் என்னிடம் சொன்னான்: “நான் எப்படி ஒதுங்குறேன்னு எனக்குத் தெரியாது ஷாமிளா. நம்மள நாம பாக்க மாட்டோமே. அன்னைக்கித்தான் பாத்தேன்.”

அவன் இறங்கவில்லை. கதவில் கையை வைத்தான். “ஏறுங்க அத்தை” என்றான்.

அத்தை! அந்தக் கட்டடத்தில் அந்தச் சொல்லை அதற்கு முன் யாராவது உச்சரித்திருப்பார்களா?

மூக்காயிக்கு முகம் வெளுத்துவிட்டது. “வேணாந்தம்பி. நீ போ. போப்பா.” காவலாளி ஓடி வந்தார். “அக்கே, எப்பா எப்பா”, வேண்டாம் வேண்டாம் என்று படியைக் காட்டினார். டிரெக்டர் கஜேந்திரனைப் பார்த்தார். சிங்களத்தில் கேட்டார்: “தன்ன கெனெக்த?” தெரிந்த ஆளா?

நண்பர்களே, ஒரு நொடி. “இல்லை சேர்” என்றால் முடிந்தது. ரத்னபுரி டவுன் பையன் ரத்னபுரி டவுன் பையனாகவே மேலே போயிருப்பான். கையெழுத்தும் பின்னாலேயே வந்திருக்கும்.

கஜேந்திரன் சொன்னான்: “அபே கெனெக், சேர்.”

நம்ம ஆள்.

அவர் கரவனெல்ல, இவன் கஹவத்தை. அவர் இறப்பர், இவன் தேயிலை. சொந்தமில்லை, பந்தமில்லை, ஒரு கலியாணத்தில்கூடக் கண்டதில்லை. ஆனாலும் நம்ம ஆள்.

கை தட்டுகிறீர்கள். தட்டாதீர்கள். கதை அங்கே முடியவில்லை. கதவு மூடியது. மூக்காயி வெளியேதான் நின்றார்.

மேலே போகும்போது டிரெக்டர் விசாரித்தார். முதல் தடவையாகக் கஜேந்திரன் தோட்டத்தின் பெயரைச் சொன்னான். ஏன் இறங்கிப் போனான் என்பதையும் சொன்னான். டிரெக்டர் சத்தமாகச் சிரித்தார். “என்னை எஸ்டேட் தொரை என்று நினைத்துவிட்டாயா?” தோளில் தட்டினார். அவருக்குக் கோபமில்லை. கொஞ்சம் சந்தோஷம்கூட. ஏழாம் மாடியில் இறங்கும்போது ஸப்வானிடம் சொன்னார்: “நல்ல பையன். கடிதத்தைத் தயார் பண்ணுங்கள்.”

இதைப் பற்றி நான் அதிகம் யோசித்தேன். ஒருவனுடைய கதை மேலே போனது. ஒருத்தியுடைய வாளி கீழே நின்றது. நகரம் நம்மை ஏற்றுக்கொள்ளும், மறுக்கவில்லை. ஒருவர் ஒருவராக, தோளில் தட்டி, நல்ல பையன் என்று சொல்லி ஏற்றுக்கொள்ளும். அப்புறம் கதவை மூடிக்கொள்ளும். ஏற்றுக்கொள்ளப்பட்டவன் திரும்பிப் பார்க்கக்கூடாது. அதுதான் பயணச்சீட்டு.

கஜேந்திரன் திரும்பிப் பார்த்தான்.

கடிதம் கொடுக்கும் முன் நேர்முகம் வைத்தார்கள். டிரெக்டர், ஆள் எடுக்கும் ஆளணிப் பிரிவு மெடம், ஸப்வான். எல்லாம் நல்லபடி. கடைசியில் மெடம் கேட்டார்: “உங்களுக்குக் கேட்பதற்கு ஏதாவது உண்டா?” இது சும்மா கேட்கிற கேள்வி. லீவைப் பற்றி ஒன்று கேட்டுவிட்டு, நன்றி சொல்லி எழும்ப வேண்டும். நம்மவன் கேட்டான்: “மற்ற லிப்ட் திருத்துற வரைக்கும் துப்புரவு செய்றவங்க பெரிய லிப்ட்டுல போகலாமா, மெடம்?”

மெடம் டிரெக்டரைப் பார்த்தார். டிரெக்டர் ஜன்னலைப் பார்த்தார். “அது எங்கள் பிரிவு இல்லை” என்றார் மெடம். கட்டடம் வேறு கம்பெனி. துப்புரவு வேறு கம்பெனி. காவல் வேறு கம்பெனி. லிப்ட் வேறு கம்பெனி. எல்லோரும் நல்லவர்கள். எதுவும் யாருடைய பிரிவும் இல்லை. தோட்டத்திலாவது கோபப்பட ஒரு தொரை உண்டு. நகரத்தில் யாரிடம் கோபப்படுவது?

கடிதம் வந்தது. நிரந்தரமில்லை. தற்காலிகம் நீடிப்பு. மனப்பான்மை திருப்தியில்லை என்று ஒரு வரி.

மூக்காயிக்குச் செய்தி எட்டியது. ஓடி வந்து சண்டை போட்டார். “கூறு கெட்டவனே! ஒன்ன யாரு கேக்கச் சொன்னா? நீயாவது மேல போவேன்னு பாத்தா, எனக்காக வாயத் தொறந்து வேலயக் கெடுத்துக்கிட்டு வந்து நிக்கிற? எங்க மேஸ்திரி என்னைய வந்து கேக்குறான், யார்ட்ட முறையிட்டேன்னு. ஒனக்கும் போயி எனக்கும் போகணுமா?”

நியாயம்தானே? அவன் நல்லது செய்தான் என்று நான் சொல்ல வரவில்லை. அவரைக் கேட்காமல் அவருக்காகப் பேசினான். அந்தப் பிழையையும் அவன் ஒப்புக்கொள்கிறான். அவரிடமே கேட்டானாம்: “அப்ப என்ன செய்யணும் அத்தை? சொல்லுங்க.” அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் போனார். திரும்பி நின்றார். “கேட்டது கேட்டுட்ட. இனி பின்னால போகாத. போனா ரெண்டு பேருக்கும் அசிங்கம்.”

இப்போது விஷயம் இங்கே நிற்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை இரண்டாம் நேர்முகம். ஸப்வான் அவனிடம் சொல்லியிருக்கிறார்: “தம்பி, போன முறை கேட்டது பிழையென்டு ஒரு வார்த்த செல்லுங்க. நான் கையெழுத்து வாங்கித் தாறேன்.” அன்பாகத்தான் சொன்னார். கஜேந்திரன் சொல்லப் போவதில்லை. முடிவெடுத்துவிட்டான்.

வர்க்கம் என்றால் என்ன என்று கேட்டீர்களே, தாயே. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பரீட்சையில் எழுதிய விடை சம்பளத்தைப் பற்றியது. வெள்ளவத்தையில் அது ஊர். கடையில் அது தட்டு. அலுவலகத்தில் அது நாடா. இதெல்லாம் அவர்கள் நம் மேல் வைக்கிற அளவு. நம் காலில் நாமே வைத்திருக்கிற அளவு ஒன்று உண்டு. யாரும் ஒதுங்கச் சொல்லாதபோதும் ஒதுங்குகிறோமே, அது. அதை எந்தக் கம்பெனி வந்து எடுத்துவிடும்? அதுவும் அவர்கள் பிரிவு இல்லையே!

நான் பேசத் தொடங்கியதிலிருந்து ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு நேர் முன்னால் இரண்டு வரிசை நாற்காலி. வெள்ளைத் துணி போர்த்தியிருக்கிறது. ஒருவரும் இல்லை. அதற்குப் பின்னால் என் தாய்மார் தரையில், பாயில். அதற்கும் பின்னால் சுவரோடு ஒட்டி என் தந்தையர், கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறார்கள். யாருக்காக அந்த நாற்காலிகள்?

துஷாந்தன் சொல்கிறார்: “அக்கா, அது தொரை வந்தா ஒக்கார்றதுக்கு.” வருவதாகச் சொன்னாரா? “இல்லக்கா. ஒருவேள வந்தா.” தம்பி, வந்தால் மற்றவர்களைப் போல அவரும் இடம் பார்த்து உட்காரட்டும். நல்ல மனிதர், கோபிக்க மாட்டார். தலைவர் அவர்களே, உங்கள் அனுமதியோடு. தலையசைக்கிறார். நன்றி ஐயா.

வாங்க. முன்னால் வாங்க.

யாரும் அசையவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறீர்கள். “இங்கயே நல்லாத்தான் கேக்குது பாப்பா” என்கிறீர்கள். கேட்கும். எனக்குத் தெரியும். நான் காதைப் பற்றிப் பேசவில்லை.

காத்திருக்கிறேன்.

சுவரோரத்தில் கஜேந்திரனின் அப்பா, சின்னத்தம்பி மாமா, கையை உயர்த்துகிறார். சொல்லுங்க மாமா. ஒலிபெருக்கி வேண்டாம், எல்லோரும் அமைதியாக இருக்கிறோம்.

“பாப்பா, அந்தப் பொம்பள… மூக்காயின்னியே. அது இப்பவும் படியிலதான் ஏறுதா?”

ஆமாம் மாமா. இப்போதும் படியில்தான்.

வருகிறார். பாருங்கள். பாயில் இருக்கிற பிள்ளைகளே, காலை இழுத்துக்கொள்ளுங்கள், மாமா வருகிறார். ஓரத்து நாற்காலியில் உட்காரப் பார்க்கிறார். மாமா, ஓரத்தில் இல்லை. நடுவில். ஆமாம், அதுதான். சாய்ந்து உட்காருங்கள்.

அங்கே என்ன சத்தம்? “ஏ சீதாதேவி, நாற்காலி கடிக்காதுடி, வா!” அப்படிச் சொல்லுங்கள்! வாங்கம்மா. துணியைத் தொடப் பயப்படாதீர்கள், அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம், துவைக்கத் தெரியாதவர்களா நாம்? ஐயாவு மாமா, மேடையில் இருக்கிற நாற்காலிகளையும் கீழே இறக்கித் தர முடியுமா? போதவில்லை. பாருங்கள், போதவில்லை!

வெள்ளிக்கிழமை என்ன நடக்கும்? எனக்குத் தெரியாது. கையெழுத்து விழலாம். விழாமல் போகலாம். விழாவிட்டால் அவன் அடுத்த பஸ்ஸில் இங்கே வருவான். தலை குனிந்து வரமாட்டான் என்பது மட்டும் தெரியும். இன்று மாலையே அவனுக்கு போன் பண்ணி ஒன்று சொல்வேன். “கஜேந்திரன், உன் அப்பா உன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அந்த அம்மாவைப் பற்றித்தான் கேட்டார்.”

தலைவர் அவர்களே, பேச வாய்ப்பளித்த மன்றத்தாரே, உங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். இவ்வளவு நேரம் நின்று கேட்டவர்களுக்கு நன்றி. இப்போது உட்கார்ந்திருப்பவர்களுக்கு என் வணக்கம்.